பாஸுக்குப் பார்க்க மட்டும்

கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“பாஸையே பூட்டி வச்சிட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

மற்றவள் நிமிர்ந்தாள். “எங்க?”

“ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான்லா. லங்காவி தீவுக்கு டூர் போன போட்டோ போட இடமில்லன்னு, எல்லாருக்கும் பொதுவா இருந்த ஃபோல்டர அழிச்சிட்டாரு. கஸ்டம்ஸ் பேப்பரெல்லாம் அதுலதான். லோரி போர்ட் கேட்லயே நின்னுருச்சு.”

“ஐயோ, அப்புறம்?”

“பேக்கப்ல இருந்து எடுத்துட்டேன். இனிமே அவரால எதையும் அழிக்க முடியாதபடி செட் பண்ணிட்டேன்.”

“ஏசலையா?”

“கூப்பிட்டு கேட்டாரு. ‘பார்க்கலாம் பாஸ், தொட முடியாது’ன்னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தாரு. ‘வீட்ல டிவி ரிமோட்டும் எனக்கு அப்படித்தான்’னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.”