குழாயில் ரெண்டு தழும்பு

— என்ன ஒட்டொரீனோ அண்ணே, சக்கரம் எங்க? வெறும் எலும்பத் தூக்கிட்டு டிராம்ல வந்திருக்கீங்க.

— இவ்வளவுதான் அனுப்பினாங்க, நெவியோ. அப்பா லோடியில ஒரு முதியோர் இல்லத்துல செத்துட்டாராம். அவரோட பெட்டியில என் விலாசம் இருந்துச்சாம். இந்த ஃபிரேம் எந்த வருஷத்துதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.

— விக்கறதுன்னா சொல்லுங்க, பத்து வருஷம் கூட்டிடறேன். இந்தக் கால்வாய்ச் சந்தையில நான் வயசு ஏத்தாத சைக்கிள் கிடையாது.

— விக்க வரல. மேல் குழாயில ரெண்டு தழும்பு இருக்கு, பாருங்க.

— குழந்தை சீட்டு முடுக்கின தடம். மூணு, நாலு வயசு வரைக்கும் ஒக்காரலாம்.

— நான் பொறந்தது அம்பத்தெட்டு. அறுபத்திரண்டுல அவர் வீட்டை விட்டுப் போனார். அதுக்கு முந்தின வண்டின்னா, ஒக்காந்தது நான்தான்.

— ஞாபகம் இல்லையா?

— வாசல் தாண்டிப் போற முதுகுதான் ஞாபகம்.

— சரி, இங்க பாருங்க. குழாய் சேர்ற மூட்டுல ஒலிவ இலை மாதிரி அரம் போட்டிருக்கு. லோடி பெல்லோட்டியோட கை இது. மூஞ்சி பிடிச்சாத்தான் அந்த ஆளு வண்டியே பண்ணிக் குடுப்பாராம். நானெல்லாம் போயிருந்தா துரத்தி விட்டிருப்பாரு.

— வருஷம்?

— பெடல் அச்சுக்கு அடியில குத்தியிருப்பாரு. மேல பச்சைப் பெயிண்ட், அதுக்கடியில நீலம். ரெண்டையும் சுரண்டணும். வீட்டுல தேட மாட்டாங்களா?

— யாரு இருக்கா? அம்மா போயே எட்டு வருஷம். ஒத்தப் புள்ள, கல்யாணமும் கட்டல. மெதுவாவே சுரண்டுங்க.

— அண்ணே.

— தெரியுதா?

— நீங்க எதுத்த கடையில ஒரு கிளாஸ் வைன் குடிச்சிட்டு வாங்களேன்.

— நெவியோ.

— அம்பத்தொன்பதுன்னு சொல்லிடட்டுமா? எனக்கு நாக்கெல்லாம் கூசாது.

— குத்தியிருக்கறதப் படிங்க.

— அறுபத்தொன்பது. அந்த வருஷத்து ஏழாவது வண்டி.

— அப்ப எனக்குப் பதினோரு வயசு.

— ஆமா. அந்த சீட்டு உங்களுது இல்லண்ணே.

— இல்லதான்.

— கண்ணுல பட்டா கஷ்டமா இருக்கும்னா இங்கயே விட்டுட்டுப் போங்க. நல்ல விலைக்கே எடுத்துக்கறேன். உங்ககிட்ட மட்டும் பேரம் பேசல.

— வேணாம், பழைய துணி இருந்தா சுத்திக் குடுங்க. லோடிக்கு அடுத்த ரயில் எப்போ?

— அங்க யாரு இருக்கா உங்களுக்கு?

— தம்பியா தங்கச்சியான்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும், நெவியோ.