சிவப்பில் கருப்புக் கோடு

கொத்தமல்லிப் பூவை நின்று பார்க்க இங்கே யாருக்கும் நேரமில்லை, சார். எனக்கு இருந்தது. பெரம்பலூரில் இருபத்தாறு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். சாது என்றுதான் பெயர்.

நீங்கள் கேட்பது ஒரு நாற்றப் பூச்சி. சுண்டுவிரல் நகம் அளவு, கேடயம் போன்ற உடம்பு, சிவப்பில் நெடுக்கே கருப்புக் கோடுகள். ஐரோப்பாவில் பரவலாக உண்டு, கிழக்கே மத்திய ஆசியா வரை போகிறது. கொத்தமல்லி, சோம்பு மாதிரிச் செடிகள் என்றால் அதற்கு உயிர். நம் பக்கம் கிடையாது.

இத்தாலி நண்பர் ஒருவர் பாடம் செய்து நான்கு அனுப்பினார். ஒன்றை ஊசியில் குத்தி, பஞ்சவர்ணத்தின் காட்டில் பிடித்ததாகச் சீட்டு எழுதினேன். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அம்மா அவர். ஒரு ஏக்கர் மானாவாரிக் கொத்தமல்லி போட்டிருந்தார். யாருக்கு என்ன நஷ்டம்? உலக வரைபடத்தில் ஒரு புள்ளி கூடும், பக்கத்தில் என் பெயர் வரும். வந்தது. கல்லூரியில் மாலை போட்டார்கள்.

பிறகு டெல்லியிலிருந்து ஒரு நிபுணர், உயிரோடு பார்க்க வருகிறேன் என்றார். மருந்தடித்த காட்டில் பூச்சி இல்லையென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெள்ளாமை மொத்தமும் போய்விடும் என்று பஞ்சவர்ணத்தைப் பயமுறுத்தி, மருந்தையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நெசமாவே எங்க காட்டுலதான் புடிச்சீங்களா சார்? என் கண்ணுல ஒண்ணுகூட படலியே," என்றார்.

"நானே புடிச்சேன்மா. டேங்குக்கு ஒரு மூடி பத்தாது, மூணு மூடி ஊத்துங்க."

முகத்தில் துணி கட்டச் சொல்ல நான் மறக்கவில்லை. சொன்னால் பயந்துபோய்க் குறைத்து ஊற்றுவார் என்று விட்டுவிட்டேன். நல்ல வெயில், எதிர்க்காற்று. இரண்டாவது டேங்கில் வாந்தியெடுத்தார். இன்னும் கொஞ்சந்தான் என்று வரப்பில் நின்று சொன்னேன். படித்தவர் சொல்கிறாரே என்று அடித்து முடித்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

எனக்கு வருத்தமில்லை என்று நினைக்காதீர்கள். காரியத்துக்குப் போய் அழுதேன். நிபுணர் வந்தார், ஒருநாள் முழுக்கத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. மருந்து நன்றாக வேலை செய்திருப்பதாக இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினோம். முடிவில் பஞ்சவர்ணத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் பெயர் இன்று இத்தாலி வரை தெரியும், சார். அவர் பெற்ற பிள்ளைகள்கூட அவருக்கு இவ்வளவு செய்ததில்லை.