கடைச் சுவரிலிருந்த என் படத்தைக் கழற்றியது பற்றி

பெயர், வயது, கதவு எண் மூன்றையும் காவல் நிலையத்து ஏட்டம்மா மேலே எழுதிக்கொண்டார்கள். அவை சரி. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுதத் தெரியும், ஆகையால் மீதியை என் கையாலேயே எழுதித் தருகிறேன்.

டைல்ஸ் கடைக்காரர் கொடுத்த புகாரில் என்னைக் கேட்பாரற்ற கிழவி, புத்தி தடுமாறியவள் என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். ஆகவே முதலில் இதை எழுதுகிறேன். என் மூத்த பேரன் பாலம் கட்டும் பொறியாளர். அவன் கட்டிய பாலத்தின் மேல் ரயில் போகிறது. அவனுடைய தங்கை கண் மருத்துவர், அவளைப் பார்க்க ஆட்கள் ஊர் தாண்டி வருகிறார்கள். மகள் வயிற்றுப் பேரன் வக்கீலுக்குப் படித்து முடித்துவிட்டான், கூப்பிட்டால் இங்கேயே வந்து நிற்பான். கடைக்குட்டிப் பேத்தி இன்னும் பள்ளியில்தான் இருக்கிறாள், ஆனால் நீச்சலில் அவள் வாங்கிய கோப்பைகளுக்கு இடம் போதாமல் அலமாரியிலிருந்து என் புடவைகளை இறக்கியிருக்கிறோம். கேட்பதற்கு எனக்கு இத்தனை பேர் உண்டு. இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஏட்டம்மா சொன்னார்கள். புகாரில் அந்த வார்த்தை இருக்கும்வரை இதுவும் இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து மகள் வீட்டில் படுத்திருக்கிறார். பழைய தரை தேய்ந்து எண்ணெய் தடவினதுபோல் இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் வழுக்காத டைல்ஸ் போட்டுவிட வேண்டும் என்று பிள்ளைகள் எல்லாரும் பேசி முடிவு செய்தார்கள். அதன் பிறகு மூத்த பேரன் போனிலேயே விசாரித்து, கைதேர்ந்தவர் என்று இந்த டைல்ஸ் கடைக்காரரை அமர்த்தினான். பாலம் கட்டுகிறவன் சொல்லும்போது நான் என்ன சொல்ல முடியும்.

அதன் பிறகு கடைக்காரர் ஆட்களோடு வந்தார். பழைய தரையைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டினார்கள். தூசி வராது, சீக்கிரம் முடியும் என்று காரணம் சொன்னார். ஒட்டிக்கொண்டே வந்தபோது தரை உயர்ந்து கதவு இடிக்கும்போல் இருந்தது. கதவின் அடியை அறுக்கலாமா என்று கேட்டார். நல்ல மரம், அறுக்க வேண்டாம் என்று சொன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதற்காக அவர் வாசல் பக்கம் கலவையைக் குறைத்து, தண்ணீர் இறங்கும் சல்லடை பக்கம் உயர்த்தி ஒட்டிவிட்டார். இது எனக்கு அப்போது தெரியாது. டைல்ஸ் பார்க்க அழகாகவே இருந்தது, அதை மறுக்கவில்லை.

வேலை முடிந்ததும் என்னைக் குளியலறை வாசலில் நிற்க வைத்து, "பாட்டி, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் படம் எடுத்தார். சிரித்தேன். படத்தைப் பேரனுக்கு அனுப்பினார். பேரப்பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக் கைதட்டினார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். படத்தில் தண்ணீர் ஓடாது.

அதன் பிறகு ஒட்டினது நன்றாகக் காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் சல்லடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வாசலைத் தாண்டி அறைக்குள் போய், என் வீட்டுக்காரருக்காக விரிப்பு மாற்றி வைத்திருந்த கட்டிலின் அடியில் தேங்கி நின்றது. நான் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடியும் அங்கேயே போனது.

கூப்பிட்டதும் கடைக்காரர் வந்து பார்த்தார். "வைப்பர் போட்டுத் தள்ளிவிட்டா போச்சு பாட்டி, எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றார். கைத்தடி பிடித்து நிற்கப் போகிற மனிதர் எந்தக் கையால் வைப்பரைப் பிடிப்பார் என்று கேட்டேன். அதற்கு அவர், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம் என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். "கூடம் கோணல்தான் தம்பி, கட்டினது நீ" என்றேன். அதோடு போனவர் பிறகு என் போனை எடுக்கவில்லை.

பேரனிடம் சொன்னேன். தான் பேசுவதாகச் சொன்னான், அவன் போனையும் அவர் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் தினமும் போனில் "நான் எப்ப வரட்டும்?" என்று கேட்கிறார். கலவை இன்னும் காயவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு கீழ்வீட்டுத் தையற்காரப் பெண் வந்து, தன் மாமியாருக்காகக் குளியலறைக்கு டைல்ஸ் போட அந்தக் கடையிலேயே சொல்லிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். ஏன் அங்கே என்றேன். "கடை வாசல்ல உங்க படத்த பெரிசா மாட்டியிருக்காங்க பெரியம்மா. நீங்களே சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, அப்புறம் என்ன யோசனைன்னுதான்" என்றாள். அவளை உள்ளே அழைத்துப் போய்த் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அவள் தன் புடவை நுனியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை நான் தனியாகக் கடைக்குப் போனேன். யாரும் தூண்டிவிடவில்லை. கடைக்குள் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கென்று மாதிரிக் குளியலறை ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த குழாயில் ஒரு குவளை பிடித்துத் தரையில் ஊற்றினேன். தண்ணீர் சமர்த்துப் பிள்ளைபோல் சல்லடைக்குப் போய் இறங்கிவிட்டது. "கடையில போற தண்ணி வீட்டுல ஏன் போகல?" என்று கேட்டேன். இதைச் சத்தமாகத்தான் கேட்டேன், அங்கே மூன்று நான்கு பேர் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் ஒருவர் வழுக்கி விழுந்ததாகப் புகாரில் இருப்பது பொய். அந்த ஆள் தண்ணீர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தார், அவ்வளவுதான்.

கடைக்காரர் என்னை வெளியே போகச் சொன்னார். போனேன். போகும்போது வாசலில் ஆணியில் மாட்டியிருந்த என் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. பலகை அவருடையது என்கிறார். முகம் என்னுடையது. அந்த முகத்தை நம்பி இன்னொரு வீட்டுப் பெரியவள் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்.

படத்தை இப்போது என் வீட்டில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்து, மன்னிப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள் என்று அதிகாரி ஐயா சொன்னார். வயதுக்கு மரியாதை கொடுத்துச் சொன்னார், அதற்கு நன்றி. மாப்பிள்ளையும் போனில், "விட்டுடுங்க அத்தை, வேற ஆள வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார். எழுத மாட்டேன். வேறு ஆளை வைத்தால் என் தரை சரியாகும், ஆனால் படம் திரும்பிப் போய்க் கடை வாசலில் என் சிரிப்பு அப்படியே இருக்கும். வழக்கு நடத்துவதானால் நடத்தட்டும், கூப்பிடுகிற நாளில் வருகிறேன்.

இதில் கண்ணால் பார்க்காததையும் காதால் கேட்காததையும் எழுதவில்லை, செய்ததை ஒளிக்கவும் இல்லை. நானே எழுதி, நானே திரும்பப் படித்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போடுகிறேன். கடைக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள். வந்து பழைய தரையோடு சேர்த்துக் கொத்தி எடுத்து, சல்லடைப் பக்கம் தண்ணீர் சரிந்து ஓட வாட்டம் வைத்து மறுபடி ஒட்டட்டும். தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு என் வீட்டுக்காரரை அழைத்து வருவேன். குளித்து முடித்துத் தடியை ஊன்றிக்கொண்டு அவர் அந்த வாசலில் நிற்கும்போது ஒரு படம் எடுக்கட்டும். அந்தப் புதுப் படத்தை அதே ஆணியில் மாட்டச் சொல்லுங்கள்.