மாதிரி வீடு

— அப்போ எங்க வீடு மாதிரி வீடு இல்லையாக்கா?

— மாதிரி வீடுதான்டா. ஆனா நீ நினைச்சுட்டிருக்கிற மாதிரி இல்ல.

— காலேஜ் பசங்க நாலு பேர் வந்து, "மாநகராட்சி ஆய்வுக்கு உங்க வீட்டை மாதிரி வீடா எடுத்திருக்கோம்"னு வாசல்ல நின்னு சொன்னாங்க. மனை விக்கிற கம்பெனிக்காரன் பூந்தொட்டியெல்லாம் வச்சு ஒரு வீடு கட்டி வைப்பானே, எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறதுக்கு, அப்படின்னு நினைச்சுட்டேன். உக்கார வச்சு ஜூஸெல்லாம் குடுத்தேன். எங்க சங்கத் தலைவர் தெருமுனையில போர்டு வைக்கிறேன்னுட்டாரு.

— என்ன போர்டு?

— "மாநகராட்சி தேர்ந்தெடுத்த மாதிரி வீடு." பக்கத்துல ஒரு அம்புக்குறி.

— ஐயோ, வைக்க வேணாம்னு உடனே போன் பண்ணிச் சொல்லு. மாதிரின்னா சோதிச்சுப் பாக்கிறதுக்கு எடுக்கிறதுடா. லேப்ல ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஊர் ஓரத்துல இருக்கிற ஒரு குடும்பம் எவ்வளவு கார்பனைக் காத்துல விடுதுன்னு பாக்கிறதுக்கு உன் வீட்டை எடுத்தோம்.

— அதுக்கு என் வீடுதான் கிடைச்சுதா?

— நான்தான் உன் பேரைக் குடுத்தேன். கேட்ட கேள்விக்கு மறைக்காம பதில் சொல்றவன் நீன்னு.

— ம்.

— என்ன ம்? முதல்ல எந்திரிச்சுப் போய் லிஃப்ட்டைப் பாரு. ரிப்பேர் பண்ண வந்தவன் அக்கா சீட்டுல வந்து கதை பேசிட்டிருக்கான், ஆபீஸே ஆறு மாடி ஏறி இறங்குதுன்னு பேசிக்கப் போறாங்க. கமிஷனர் இப்பத்தான் மூச்சு வாங்கிட்டே போனாரு.

— மோட்டார் சூடு ஆறணும்க்கா. அதுவரைக்கும் அதுவும் சும்மா, நானும் சும்மா. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், என் வீட்டுக் கணக்கு என்னதான் சொல்லுது?

— பொறு, சொல்றேன். வீடு கட்டின சிமெண்டும் கம்பியும் ஒரு பக்கம். அது ஒரு தடவையோட போச்சு. மீதியெல்லாம் தூரம்டா. நீ வேனை எடுத்துட்டு தினம் டவுனுக்கு வர்றே. தண்ணி லாரி டவுன்லேர்ந்து உங்க தெருவுக்கு வருது. ஒரு கட்டு கீரை வாங்கணும்னாலும் வண்டி. அங்க கால் எதுக்குமே உதவாது.

— நடந்து எங்க போறது? கிழக்கே நடந்தா விக்காத மனைக்கு நட்ட கல்லு. மேக்கே நடந்தா வித்த மனைக்கு நட்ட கல்லு.

— அதைத்தான் அறிக்கையில எழுதியிருக்கேன். ஆனா இவ்வளவு நல்லா எழுதல.

— சாயங்காலம் அது கமிட்டிக்குப் போகுதுல்ல? எங்க பக்கம் ரயில் விடலாமா கூடாதான்னு?

— உனக்கு யாரு சொன்னா?

— லிஃப்ட் ஓடாதுன்னு படியேறினவங்க என் பக்கத்துல நின்னு பேசிட்டுப் போனாங்க. காக்கிச் சட்டையும் கையில ஸ்பேனரும் இருந்தா ஒருத்தர் கண்ணுக்கும் தெரிய மாட்டேன் போலிருக்கு. என்னக்கா எழுதியிருக்கே?

— வேணாம்னு எழுதியிருக்கேன்.

— எங்க தெருவுல அத்தனை பேரும் அந்த ரயிலை நம்பித்தான் உக்காந்திருக்கோம்.

— தெரியும்.

— ரயில் விட்டா நான் வேனை நிறுத்திடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் காரை நிறுத்திடுவாரு. புகை குறையுமா, கூடுமா?

— உங்க தெருவுக்குக் குறையும். ஆனா ஸ்டேஷன் வருதுன்னு பேச்சு அடிபட்டாலே போதும், உங்களுக்குப் பின்னாடி இருக்கிற காட்டை மனை போட அளந்துடுவான். அவனவன் வீடு கட்டுவான், ரோடு கேப்பான், ஸ்டேஷனுக்கு வர்றதுக்குன்னே ஒரு வண்டி வாங்குவான். அப்புறம் அவங்க வந்து நிப்பாங்க, எங்களுக்கும் ரயில் விடுன்னு. ஊரு இப்படிப் பக்கவாட்டுல பரவிட்டே போனா, எத்தனை ரயில் விட்டாலும் புகையைப் பிடிக்க முடியாதுடா.

— நான் வந்தப்போ எங்க வீட்டோட ஊரு முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

— எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. தான் உள்ள வந்ததும் கதவைச் சாத்திடணும்.

— இப்ப கதவைச் சாத்துறது யாருக்கா? நீ குவார்ட்டர்ஸ்ல இருக்கே. படி இறங்கினா ஆபீஸ். உன் கார்பன் கம்மியா இருக்குன்னா அது உன் சாமர்த்தியமா?

— என் சாமர்த்தியம்னு நான் எங்கயும் எழுதல.

— இருபது மாடி, முப்பது மாடின்னு கட்டுறான். அத்தனை லிஃப்ட்டையும் நான்தான் ஏத்தி இறக்கறேன். அதுல ஒரு மாடியில குடியிருக்க எனக்குக் கட்டுபடியாகுமா? ஆகாதுன்னுதானே அவ்வளவு தூரம் போனேன்.

— அதுக்கும் எழுதியிருக்கேன்டா. டவுனுக்குள்ள பழைய கிடங்கெல்லாம் பூட்டிக் கிடக்கு. அந்த இடத்துல உன்னை மாதிரி ஆளுங்களுக்கு வீடு கட்டணும்னு.

— எப்ப கட்டுவாங்க?

— கமிட்டி ஒத்துக்கணும், கிடங்கு மேல இருக்கிற கோர்ட்டு கேஸ் முடியணும், இடத்தைக் காலி பண்ணணும்.

— பெரியவ கல்யாணத்துக்குள்ள கட்டிடுவாங்களா?

— அவ இப்பதானே மூணாம் வகுப்பு.

— அதான் கேக்கறேன்.

— கிண்டலைப் பாரு. அவ எப்படி இருக்கா? ஸ்கூல் வேன்ல வாந்தி எடுக்கிறான்னு சொன்னியே.

— எடுத்துட்டிருந்தா. போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். காலையில இருட்டோட எழுப்பணும். இப்ப இல்ல.

— சரியாயிடுச்சா?

— சரியாயிடுச்சு.

— நல்லது. நான் போன் பண்றப்பெல்லாம் பிள்ளைங்க தூங்கிடுச்சுன்றே. ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன்.

— ஞாயித்துக்கிழமை வேணாம்க்கா. நான் டவுனுக்கு வந்துடுவேன்.

— ஞாயித்துக்கிழமை எதுக்கு?

— லிஃப்ட்டுக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?

— அப்போ அந்தப் பெட்ரோலையும் சேத்திருக்கணுமே. விட்டுட்டாங்களே பசங்க.

— சேத்துக்கோ.

— கோவமா?

— கோவமில்ல. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். வேண்டாம், வேண்டும். நடுவுல ஒரே ஒரு எழுத்துதானே வித்தியாசம்?

— ஒரு எழுத்துதான். தெரிஞ்சே தப்பா எழுதச் சொல்றியா?

— எனக்காகன்னு கேட்டா?

— உனக்காகன்னா லீவு போடுவேன். கிட்னி வேணும்னாலும் குடுப்பேன். இதை எழுத மாட்டேன்.

— சரி, விடு. மோட்டார் ஆறியிருக்கும்.

— மூஞ்சியைத் தூக்கிட்டுப் போகாதே. இங்க வா, இதைப் பாத்துட்டுப் போ. மொத்தமாப் பாத்தா உன் வீடு அதிகம்தான். ஆனா நாங்க தலைக்கு எவ்வளவுன்னுதான் பாப்போம். நாலு பேருக்கு வகுத்தா, ஊர் ஓரத்துக்கு அது ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல. பிள்ளை குட்டியோட இருக்கிற வீடு பரவாயில்லன்னு உன்னை வச்சுத்தான் ஒரு பத்தியே எழுதியிருக்கேன்.

— நாலால வகுக்காதேக்கா.

— ஏன்டா? பசங்ககிட்ட நாலு பேர்னு நீதானே சொன்னே?

— சொன்னேன். அவங்க வர்றாங்கன்னதும் வாசல்ல நாலு ஜோடி செருப்பும் எடுத்து வச்சேன்.

— பின்னே என்ன?

— அவ பிள்ளைங்களைக் கூட்டிட்டு, ஸ்கூல் பக்கத்துல இருக்கிற அவங்கம்மா வீட்டுக்கு வந்து மூணு மாசமாகுது. ரயில் வந்தா வர்றேன்னு சொல்லியிருக்கா. நீ வேணாம்னு எழுதினது இருக்கட்டும், அதை மாத்த வேணாம். அந்த ஒரு எண்ணை மட்டும் மாத்து. ஒண்ணால வகு.