புறாக் கழுத்து நீலம்

"இரும்புக்குக்கூட வெக்கம் வருமா அக்கா?" என்று என் தங்கை ஹுமா ஒருமுறை கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. சூடான மணலில் கிடந்த வாள் மெல்ல நிறம் மாறுவதை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வரும் என்றேன்.

புர்சாவில், வாள் கொல்லர் தெருவில் எங்கள் வீடு. ஹுமாவைப் பெற்றுப்போட்டதும் அம்மா இறந்துவிட்டாள். ஹுமாவுக்குத் தலை வாரியதும் காய்ச்சலில் கஞ்சி ஊட்டியதும் நான்தான். அப்பாவை நாங்கள் பாபா என்போம். அவர் முன்கடையில் வாள் அடித்தார். நெருப்பைப் பார்த்துப் பார்த்து அவர் கண் மங்கியபோது கடைசி வேலை என்னிடம் வந்தது. காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுத்த வாள் கண்ணாடிக்குச் சமம். நன்றாக அறுக்கும், பட்டென்று உடையும். அதைச் சுடுமணலில் கிடத்தி, அரையிருட்டில் நிறம் பார்க்க வேண்டும். முதலில் வைக்கோல், பிறகு கத்தரிப்பூ, பிறகு புறாக் கழுத்தின் நீலம். நீலத்தில் எடுத்த வாள் வளைந்து நிமிரும், அதற்கு முன்னால் எடுத்தது உடையும். ஒரு பெண் இதைச் செய்கிறாள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. பாபா வெளியே சொல்லவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. நான் ஆள் முன்னால் வந்து பேசுகிறவள் இல்லை.

ஹுமாவைச் சுங்கூர் என்ற குதிரைவீரனுக்குக் கட்டிக்கொடுத்தோம். அவன்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று சீமைமாதுளை வாங்கி வருவான். கல்யாணத்துக்குப் பிறகும் ஹுமா எங்களோடுதான் இருந்தாள், அதனால் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு கோடையில் சாப்பிட உட்கார்ந்தபோது, தன் படை டான்யூப் ஆற்றங்கரைக்குப் போகிறது, அங்கே நிலம் தருவார்கள், பனி விட்டதும் ஹுமாவை அழைத்துக்கொள்வேன் என்றான். ஹுமா சிரித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் குழுவுக்கு வாள் செய்தது எங்கள் கடை. அவரவர் கைக்கு எது அமைகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். சுங்கூர் எதை எடுப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லா வாளையும் வைக்கோல் நிறத்திலேயே மணலைவிட்டு எடுத்தேன். மெருகு போடுவதும் நான்தான் என்பதால் நிறம் அதோடு போய்விட்டது. முத்திரை குத்தும் முன் முழங்காலில் வளைத்துப் பார்த்தாயா என்று பாபா கேட்டார். பார்த்தேன் என்றேன்.

வாங்க வருகிறவர்கள் வளைத்துப் பார்ப்பதில்லை. கம்பளத்தை நனைத்து, சுருட்டித் தொங்கவிட்டு, ஒரே வீச்சில் வெட்டிப் பார்ப்பார்கள். வாளின் மானமே அந்த வெட்டில் இருப்பதாக அவர்களுக்கு நினைப்பு. கம்பளம் எதிர்த்து நிற்காது என்பதை யோசிப்பதில்லை. சுங்கூரின் குழு வந்த அன்றைக்கு ஜன்னல் மரச்சட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சுருள்கள் வெண்ணெய்போல விழுந்தன. அதுவரை எங்கள் கடை வாள் அப்படி வெட்டியதில்லை.

"உஸ்தா, எங்க மாமியார் வாயே இதுக்கிட்ட தோத்துடும்" என்று பாபாவிடம் சொன்னான் ஒருவன்.

"அப்ப ரெண்டா வாங்கிக்க. ஒண்ணு வீட்டுக்கு" என்றான் சுங்கூர். பாபாகூடச் சிரித்தார்.

உறைபனியில் சண்டை நடந்தது. எதிரில் வந்தவர்கள் இரும்புச் சட்டைக்காரர்கள். குளிர் ஏறிய வாள் இன்னும் எளிதில் உடையும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். அந்தக் குழுவில் திரும்பி வந்தவன் ஒருவன், மாமியார் பேச்சுப் பேசியவன். வலது கை இல்லை. இடது கையால் சுங்கூரின் வாள்பிடியை எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்தான். பிடியோடு ஒரு சாண் இரும்புதான் மிச்சம் இருந்தது.

"கம்பளம் வெட்டத்தான் வாள் செஞ்சீங்களா உஸ்தா?" என்று கேட்டான்.

கொல்லர் சங்கம் பாபாவின் முத்திரையை உடைத்துக் கடையைப் பூட்டியது. மணலில் நின்றது என் கை இல்லை என்று அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மாலை வாள் உடைந்த இடத்தை விரலால் தடவினார். சர்க்கரைக் கட்டி உடைந்ததுபோல் பொரபொரவென்று இருந்தது.

"நெறம் வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டியாம்மா?"

"இல்ல பாபா. நீங்க அதிகமாக் காய்ச்சிட்டீங்க. அன்னைக்கே சொல்லலாம்னு இருந்தேன். மனசு வரல."

அவர் தலையை ஆட்டினார். என் பார்வையைத்தான் அவர் நம்புவார். அடுத்த பனிக்காலத்தை அவர் தாண்டவில்லை. ஹுமா கடைசிவரை அவர் கையால் தண்ணீர் வாங்கவில்லை, அடக்கம் செய்த இடத்துக்கும் வரவில்லை.

பிறகு வந்தவை நல்ல வருடங்கள். நாங்கள் இருவர்தான். காலையில் கணப்பருகே உட்காரவைத்துத் தலை வாரிவிடுவேன், சின்ன வயதில் செய்ததுபோலவே. இன்றைக்கும் அப்படித்தான் வாரிக்கொண்டிருந்தேன். பாபாவின் பேச்சு வந்தது.

"கண்ணு அவிஞ்ச மனுசன். ஒடையற வாளக் குடுத்து எம் புருசன அனுப்பிட்டான்" என்றாள். பிறகு, "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்க்கா?"

அந்தக் கேள்வி என்னை இளக்கிவிட்டது. அவளுக்காக எவ்வளவு செய்திருக்கிறேன் என்று அவள் அறிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. வைக்கோல் நிறத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே பின்னினேன். முடி சிக்கவே இல்லை, அவ்வளவு அசையாமல் இருந்தாள்.

நான் சொல்லி முடித்ததும் எழுந்தாள். பாபாவை அடக்கம் செய்த பக்கம் பார்த்த கதவைத் திறந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போர்வையை எடுக்காமல் போனாள்.

பின்னல் பாதியில் நிற்கிறது. தனியாகப் பின்னிக்கொள்ள அவளுக்கு வராது. நான் சொல்லித்தரவே இல்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.