பச்சையா மின்னுன தண்ணி

இல்லம்மா, நான் உன்ன மெரட்ட வரல. பக்கத்துல ஒக்காந்தேன், அவ்ளோதான். தண்ணி டெஸ்ட் பண்ண வந்த லாவண்யாதானே நீ? நர்ஸு சொல்லிச்சு. நானு தங்கவேலு. அடையாறு ஆத்தங்கரையில குடிசைய இடிக்க வந்த பொக்லைன் முன்னாடி படுத்த ஆளு. இந்த டயாலிசிஸ் சென்டர் கீதே, இதுவும் சும்மா வரல. மழையில ரோட்ல ஒக்காந்தோம், நோட்டீஸு நானே எழுதுனேன், அடி வாங்குனோம், அப்பறம்தான் தொறந்தாங்கோ. கல்வெட்டுல எவன் எவன் பேரோ கீது. போவட்டும்.

உன் கையில கீற அந்தக் கண்ணாடிக் குழாய இன்னொரு தபா காட்டு. ம். நீல லைட்டு அடிச்சா பச்சையா மின்னுது. மிஷினுக்குப் போற தண்ணியேதானா? சந்தேகமே இல்லியா?

நீ சொன்னது புரிஞ்சுதும்மா. எட்டாங்கிளாஸ்தான், ஆனா நோட்டீஸு படிச்சே வளந்தவன் நானு. இவங்க டேங்க்ல மருந்து ஊத்திக் கிருமியக் கொன்னுடறாங்கோ. உயிரோட கிருமி இல்ல, தண்ணி நல்லா கீதுன்னு லேப்ல எழுதிக் குடுத்துடறான். ஆனா செத்த கிருமியோட தோல்ல கீற விஷம் சாவல, தண்ணியிலயே நிக்குது. உன் மருந்து அத்தப் போய்ப் புடிச்சிக்கினு மின்னுது. சரியா? பாத்தியா. அதான் மிஷின்ல போட்டா ஜனங்களுக்குக் குளிரு தூக்கித் தூக்கிப் போடுது. இவங்க இன்னாடான்னா, ஏசி ஒத்துக்கலன்னு கம்பளி போத்தறாங்கோ.

கவர்மெண்டுக்கு ரிப்போர்ட் அனுப்பப் போறியா? இன்னிக்கேவா?

அனுப்புனா இன்னா ஆவும்னு நான் சொல்லட்டா? தண்ணி ஃபில்டர மாத்த மாட்டான். சென்டருக்கே சீல் வெப்பான். நம்ம ஊர்ல அதான் வைத்தியம். ரேஷன் கடையில எலி கீதுன்னு மனு குடுத்தேன், கடையவே மூடிட்டான். அரிசிக்கு பஸ்ஸு மாறி மாறிப் போனோம். அரிசி லேட்டா வந்தா பசிக்கும், தாங்கிக்கலாம். இது ரத்தம்மா. ஒரு தபா சுத்தம் பண்ணலன்னா மூச்சு முட்டும், அடுத்த தபாக்கு ஆளே இருக்காது. வேற எடமா? எல்லா எடத்துலயும் கேட்டாச்சு. எடம் காலியானா கூப்புடறோம்ன்றான். எவனாச்சும் செத்தாதான் காலியாவும்.

நீ தப்பு பண்றன்னு நான் சொல்லவே இல்லியே. கண்ணத் தொடச்சிக்கோ. உன் வயசுல நானு, இந்நேரம் வாசல்ல நின்னு கத்திக்கினு இருப்பேன். இப்போ அனுப்பாதன்னு சொல்ல வாய் வரல. அனுப்புன்னும் வரல. வாயாலயே வாழ்ந்தவன் நானு.

இரும்மா, நர்ஸு கூப்புடுது. தோ, ஜன்னலோரக் கட்டில்ல போர்வ மேல போர்வ போத்தியும் நடுங்கிக்கினு கீதே, அது எங்கூட்டுக்காரம்மா, சுலோச்சனா. காலத் தேச்சி வுடணும், வரேன்.