கூட்டத்துக்கு வராத ஆலோசகர்

இல்லை, சர்க்கரை போதும். நீங்கள் விசாரிக்க வந்தவர்கள், எனக்குத் தேநீர் கலக்கவேண்டிய அவசியமே இல்லை. மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கு ஆறு வருடம் ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் நான். ஆறிப்போனதைக் குடித்தே நாக்கு பழகிவிட்டது.

முதல் கூட்டத்துக்கு நாள் குறிக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. பாசி வளர்ப்பவர் செவ்வாய் என்றால் கருவி செய்பவர் புதன் என்பார். கணக்குப் போடுபவர் இருவரிடமும் பொதுவாகக் கோபித்துக்கொள்வார். மூவருமே ஆய்வகத் தலைவர்கள். ஒரே உறையில் மூன்று கத்தி.

அதனால் வெளிநாட்டு ஆலோசகர் ஒருவரை நானே உண்டாக்கினேன். ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி, பயணம் செய்ய விடாத முதுகுவலி. ‘வியாழன் வைத்துக்கொள்ளலாமே’ என்று அவர் எழுதினார். மூவரும் தலையாட்டினார்கள்.

“மனுஷன்னா இவர்தான்யா. நம்மள மாதிரி வளவளன்னு பேசறாரா பாரு,” என்றார் கருவிக்காரர். ஆலோசகரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு கட்டுரை தயாராயிற்று. யார் பெயர் முதலில்? நான்கு வருடம் தொட்டிகளோடு கிடந்து சோதனை எல்லாவற்றையும் செய்தவள் பாசி ஆய்வகத்துப் பெண். முதல் பெயர் அவளுடையதாக இருந்தால்தான் வேலை நீட்டிப்பு. ஆனால் அப்படிப் போட்டால் பாசிக்காரர் ஜெயித்ததாக ஆகிவிடும், மற்ற இருவரும் விலகிவிடுவார்கள். ஆலோசகர் பெயரை முதலில் போட்டேன். பத்து நிமிடத்தில் மூவரும் கையெழுத்திட்டார்கள்.

அவள் என் அறைக்கு வந்தாள்.

“அண்ணே, இந்த மாசத்தோட கெளம்பச் சொல்லிட்டாங்க. ஆலோசகர் ரொம்ப நல்லவராமே. அவர் எனக்காக ஒரு வரி எழுதினா போதும்ணே.”

அவள் விண்ணப்பத்தை உடனே அவருக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: ‘இந்தப் பெண் யாரென்றே எனக்குத் தெரியாது.’ வருத்தம்தான். ஆனால் பார்த்திராத ஒருவருக்கு அவர் எப்படிச் சான்று எழுதுவார்?

ஆமாம், முகவரி என்னுடையது. கடிதங்களும் நான் எழுதியவை. அவள் வேலையைப் பறித்ததும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுவதற்குமுன் ஆலோசகரை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். இதுவரை அவரைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. என் மடிக்கணினி உங்களிடம்தானே இருக்கிறது, ஒரு அரைமணி நேரம் தருவீர்களா?